கிளை எடுக்க வருபவர் முதலில் தட்டுவது உங்கள் இணையத்தளத்தை

நாவுல ஏ-9 வீதியில் இருக்கும் ஊர். கண்டி, மாத்தளைப் பக்கமிருந்து தம்புள்ளைக்கும் வடக்குக்கும் போகும் வாகனங்கள் இதைத் தாண்டித்தான் போகின்றன. நாலந்தா கெடிகே பார்த்துவிட்டு வருபவர்களும் மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்குத் திரும்புபவர்களும் இங்கே தேநீருக்கு நிற்பார்கள். இப்படியொரு வீதியோரத்தில் சாப்பாட்டுக் கடையோ, மிளகு, ஏலம், கறித்தூள் விற்கும் கடையோ நடத்திப் பெயர் எடுத்தவரிடம் என்றோ ஒரு நாள் யாராவது கேட்பார்: "உங்கட பேர்ல எங்கட ஊர்லயும் ஒரு கடை போடலாமா அண்ணன்?"

கேட்டவர் வவுனியாவுக்குத் திரும்பும் வழியிலேயே கைத்தொலைபேசியில் உங்கள் பெயரைத் தேடுவார். அங்கே அவருக்குக் கிடைப்பது என்ன? சோறு கறிப் படங்கள், கடை திறக்கும் நேரம், கடைசியில் "பிரான்சைஸ் வாய்ப்பு உண்டு, அழையுங்கள்" என்று ஒற்றை வரி. இதை நம்பி யாரும் பணம் போடமாட்டார்கள்.

சாப்பிட வருபவரும் கடையை எடுத்து நடத்த வருபவரும் ஒருவரல்லர். முன்னவர் சில நூறு ரூபாய் செலவழிக்கிறார். பின்னவர் காணி விற்ற பணத்தையோ, அடகு வைத்த நகையையோ, வெளிநாட்டில் உழைத்த சேமிப்பையோ கொண்டுவருகிறார். ஆகவே அவருக்கென்று தனிப் பக்கம் வேண்டும். முகப்பிலேயே அதற்கான வழி தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தில் உங்கள் குடும்ப வரலாறு ஒரு பந்தி போதும். மிச்சமெல்லாம் அவர் கேள்விகளுக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

முதல் கேள்வி பணம். பெரும்பாலான தளங்கள் இதைத்தான் மறைக்கின்றன. "நேரில் பேசுவோம்" என்று எழுதினால், உண்மையில் பணம் உள்ளவர் சந்தேகப்பட்டு விலகுவார். பொழுதுபோக்குக்குக் கேட்பவர் மட்டும் அழைப்பார். தொகையைப் பிரித்து எழுதுங்கள்: பிரான்சைஸ் கட்டணம், கடை முற்பணம், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பெயர்ப்பலகை, முதல் சரக்கு, வியாபாரம் பிடிக்கும் வரையான மாதங்களுக்கு வாடகையும் சம்பளமும். இந்தக் கடைசித் தொகையை விட்டுவிட்டதால் மூடப்பட்ட கடைகள் ஏராளம். மாதாந்த உரிமத் தொகை மொத்த விற்பனையிலா, இலாபத்திலா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு குடும்பத்தின் மாதச் செலவாக இருக்கலாம். நீங்கள் வற் பதிவு பெற்றவர் என்றால், சொல்லும் தொகைக்குள் 18 வீத வரி அடங்குமா என்பதையும் எழுதுங்கள். கறித்தூளை உங்களிடமே வாங்க வேண்டும் என்பது நிபந்தனையானால் அதன் விலை எப்படித் தீர்மானிக்கப்படும், மட்டக்களப்புக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

இலாபம் இவ்வளவு வரும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தக் கடையின் உண்மையான கணக்கைக் காட்டலாம். அது நாவுலக் கடையின் கணக்கு, உங்கள் ஊரில் மாறும் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படி விபரங்களை முன்கூட்டியே வெளிப்படுத்துவது அமெரிக்காவில் சட்டம். அங்கே 1979 முதல் நடைமுறையில் உள்ள பிரான்சைஸ் விதியின்படி, கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே விபர ஆவணம் கையில் கொடுக்கப்பட வேண்டும். அதில் 23 தலைப்புகள். தற்போது கடை நடத்துபவர்களோடு, அண்மையில் விலகிப் போனவர்களின் தொடர்பு விபரங்களும் அதில் உண்டு. இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. வாங்குபவருக்குக் காவல் குறைவு என்பதால்தான் அவர் தயங்குகிறார். சட்டம் கேட்காததை நீங்களாகவே தளத்தில் வைத்தால், அந்தத் தயக்கத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதும் அங்கே எழுதப்பட வேண்டும். 1998 இல் இலங்கைக்கு வந்த மெக்டொனால்ட்ஸின் 12 கடைகளும், உள்ளூர்ப் பங்காளியுடனான உடன்படிக்கை முறிந்ததும் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. உலகப் பெயருக்கே இப்படி நடந்ததைப் பார்த்தவர், உங்களிடமும் இதைக் கேட்பார். உடன்படிக்கை எத்தனை வருடம், யார் எப்போது விலகலாம், கடையை இன்னொருவருக்கு விற்கலாமா, பக்கத்து ஊரில் நீங்களே இன்னொரு கடை திறப்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்.

பெயர் உங்களுடையதுதானா? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவு 10 வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். பதிவிலக்கத்தைத் தளத்தில் போடுங்கள். பதியாத பெயரை விற்பது இரு தரப்புக்கும் ஆபத்து.

மாத்தளை மாவட்டத்தில் தளத்துக்குச் சிங்களம், தமிழ் இரண்டும் வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஆங்கிலமும். தமிழ்ப் பக்கத்தை இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்து அப்படியே ஒட்டாதீர்கள்; பிழை மலிந்த பக்கத்தைப் பார்ப்பவர், உடன்படிக்கையும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து படமாக ஏற்றுவதையும் நிறுத்துங்கள். யுனிகோடில் எழுதினால்தான் தேடலில் அகப்படும். படங்களைச் சுருக்குங்கள், மலைப்பக்கத்துச் சிக்னலிலும் பக்கம் திறக்க வேண்டும்.

படங்கள் உங்கள் கடையுடையவையாக இருக்கட்டும். விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரர் சிரிப்பு வேண்டாம். ஏற்கெனவே கிளை நடத்துபவர்கள் சம்மதித்தால் அவர்களின் இலக்கங்களைக் கொடுங்கள். புதியவர் அவர்களிடம் நேரில் கேட்டறிவதற்கு ஈடான விளம்பரம் கிடையாது. விசாரணைப் படிவத்தில் பெயர், தொலைபேசி, ஊர், கையிலுள்ள முதல், கடையில் தானே நிற்பாரா என்ற ஐந்தும் போதும். அடையாள அட்டை இலக்கத்தை இந்தக் கட்டத்தில் கேட்பது முறையல்ல; தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 இல் இங்கே சட்டமே வந்துவிட்டது. வட்ஸ்அப் பொத்தான் வைத்தால் அதே நாளில் பதில் சொல்ல ஆளும் வையுங்கள்.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நாவுலக் கடை ஒன்று மட்டும் இருக்கும் நிலையில் இந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். தம்புள்ளையிலோ மாத்தளையிலோ இரண்டாவது கடையைப் போட்டு, அதில் நீங்கள் நிற்காமல் இன்னொருவரை ஒரு வருடம் நடத்தவிடுங்கள். அதே ருசி, அதே கணக்கு அங்கேயும் நின்றால் அந்த வருடத்தின் வரவு செலவை அப்படியே தளத்தில் போடுங்கள். நிற்காவிட்டால், மற்றவர் பணத்தைக் கேட்கும் நேரம் உங்களுக்கு இன்னும் வரவில்லை.