சரக்கு வந்த இடத்திலேயே சரிபார்ப்பு

சங்கத்தின் அலுவல்கள் தாமதப்படுகின்றன என்று அங்கத்தினர்கள் குறை கூறும்போது, நிர்வாகக் குழுவினர் மற்றொரு குமாஸ்தாவை நியமிக்கலாமா என்று யோசிப்பது வழக்கம். இந்நாளில் கணிப்பொறி ஒன்று வாங்கலாமா என்ற யோசனையும் உடன் எழுகிறது. ஆனால், அவ்வேலை இப்போது நடைபெறும் முறையிலேயே நடைபெற வேண்டுமா என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும். அதைக் கேட்டுப் பயன் பெற்ற ஒரு பெரிய கம்பெனியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்காவின் போர்டு மோட்டார் கம்பெனியில், 1980-களின் தொடக்கத்தில், சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை பார்த்து வந்தனர். கணிப்பொறிகளைக் கொண்டு இத்தொகையை 400 ஆகக் குறைக்கலாம் என்பது நிர்வாகத்தின் எண்ணமாக இருந்தது. அச்சமயம் ஜப்பானிய கம்பெனியாகிய மஸ்டாவில் அதே வேலையை 5 பேர் செய்து வருவதை அவர்கள் கண்டனர். மஸ்டா சிறிய கம்பெனிதான். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும், போர்டில் இருந்தவர்கள் தேவைக்கு ஐந்து மடங்கு என்று கணக்கு காட்டிற்று.

அந்த 500 பேரும் சோம்பியிருந்தவர்கள் அல்லர். கொள்முதல் இலாகா ஓர் ஆர்டர் எழுதி அதன் நகலை இவர்களுக்கு அனுப்பும். சரக்கைப் பெற்றுக்கொண்ட கிடங்கிலிருந்து ஒரு சீட்டு வரும். சரக்கு அனுப்பியவரிடமிருந்து பில் வரும். மூன்று காகிதங்களிலும் 14 விவரங்கள் ஒத்திருந்தால்தான் பணம் பட்டுவாடாவாகும். ஒவ்வாதவற்றைத் துருவி ஆராய்வதிலேயே குமாஸ்தாக்களின் பெரும்பாலான நேரம் கழிந்தது. சரக்கோ எங்கோ தொலைவில் உள்ள கிடங்கில்! அதைக் கண்ணால் காணாதவர், அது சரியா தவறா என்று மேசையிலிருந்து எங்ஙனம் தீர்ப்பளிக்க இயலும்?

புதிய முறையில், ஆர்டர் கணிப்பொறியில் பதிவு செய்யப்பட்டது. சரக்கு வந்து இறங்கியதும், கிடங்கில் உள்ளவரே அதனை ஆர்டருடன் ஒப்பிட்டார். ஒத்திருந்தால் ஏற்றுப் பதிந்தார். இல்லையேல் அங்கேயே திருப்பியனுப்பினார். பில் அனுப்பவே வேண்டாம் என்று வியாபாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. 14 விவரங்களை ஒப்பிட்ட இடத்தில் மூன்று போதுமாயின. பழைய முறையைப் பிடித்துக்கொண்டு கணிப்பொறியை மட்டும் புகுத்தியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கே குறைந்திருக்கும். முறையையே மாற்றியதால் முக்கால் பங்கு ஆட்கள் குறைந்தனர். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றால் இவ்வரலாறு உலகெங்கும் பரவியது.

சரிபார்ப்பு இங்கே கைவிடப்படவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மேசையில் நடந்தது, சரக்கு நிற்கும் இடத்திற்கு மாற்றப்பட்டது, அவ்வளவே.

நமது நெசவாளர் சங்கங்களைப் பார்ப்போம். அங்கத்தினர் துணியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அது மற்றத் துணிகளோடு அடுக்கப்படுகிறது. நான்கு நாள் கழித்துக் குமாஸ்தா பேரேட்டைப் பார்க்கையில், கொடுத்த நூலின் எடைக்கும் வந்த துணியின் எடைக்கும் வேறுபாடு தென்படுகிறது. எந்தத் துணி, யாருடையது என்று இப்போது யாரால் கூற முடியும்? கூலி நிறுத்தி வைக்கப்படுகிறது. அடுத்த பாவும் கிடைப்பதில்லை. தறியில் பிணைக்கப் பாவில்லாமல் நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குக் கூலி ஏது? குடும்பத்தின் அடுப்பையே தொடும் நஷ்டம் இது.

துணி வந்தவுடன், நெய்தவர் முன்னிலையிலேயே நீளம், அகலம், எடை பார்த்து, ஓர் அங்குலத்திற்கு எத்தனை ஊடை என்பதையும் எண்ணிவிட்டால் தகராறுக்கு இடமில்லை. அதே பதிவைக் கொண்டு கூலிச் சீட்டையும் அடுத்த பாவுக்கான சீட்டையும் அன்றே எழுதலாம். விளைபொருள் சங்கங்களிலும் மூட்டையை எடை போடும்போதே ஈரத்தையும் தரத்தையும் விளைவித்தவர் எதிரில் குறித்துவிடுதல் நலம்.

ஓர் எச்சரிக்கை. சுருக்கம் என்ற பெயரில், துணியை அளப்பவர், கூலி கணக்கிடுபவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரையும் ஒருவராக்கிவிடலாகாது. அது மோசடிக்கு வாசல் திறப்பதாகும். போர்டிலும் ஆர்டர் எழுதியவர் வேறு, சரக்கு பெற்றவர் வேறு. குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்புவதும் நமது நோக்கமன்று. நம் சங்கங்களில் இருப்பவர் ஒருவரோ இருவரோதான். நெசவாளர் காத்திருக்கும் நாட்களைக் குறைப்பதே வேண்டுவது.

அடுத்த மாதம் நிர்வாகக் குழுவினர் ஒரே ஒரு துணியைத் தேர்ந்துகொள்ளட்டும். அது சங்க வாசலில் வந்த நாள், அளந்த நாள், ஒவ்வொரு ஏட்டிலும் பதிந்த நாள், காரியதரிசி கையொப்பமிட்ட நாள், கூலி கைக்கு வந்த நாள், அடுத்த பாவு கிடைத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் குறிக்கவும். எந்த இரு தேதிகளுக்கிடையே இடைவெளி அதிகமோ, அவ்விடத்தில் அக்காகிதம் யாருக்காகக் காத்திருந்தது என்று விசாரித்து, அத்தாளைப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் முன்னிலையில் வாசிக்கவும்.