கொடிவழி ஏடுகளை ஒப்பிடலும் இணைத்தலும்

ஒரு குடும்பத்தின் கொடிவழியை ஒருவரே முழுமையாகத் தொகுத்தல் அரிது. சொந்த ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவர் தந்தைவழியைத் தொகுத்திருப்பார். பெண்ணெடுத்த வீட்டார் வேறோர் ஊரில் தாய்வழியைத் தொகுத்திருப்பர். இன்று இவ்விரண்டும் கணிப்பொறியில் ஏறியுள்ளன. இரண்டிலும் இடம்பெற்றோர் பலர்; ஒன்றில் மட்டும் இடம்பெற்றோரும் பலர். இத்தகைய இரண்டு ஏடுகளை ஒப்பிட்டு ஒன்றாக்கித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவ்விடத்தில் அவற்றின் முடிவை ஏற்கலாம், எவ்விடத்தில் நாமே ஆராய்தல் வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நலம். ஒரே மனிதர் ஏட்டில் இருமுறை இடம்பெற்றால் அது சிறு குறையே. பின்னொருநாள் கண்டு திருத்திக்கொள்ளலாம். இரு மனிதரைத் தவறாக ஒருவராக்கிவிட்டாலோ, அவருள் ஒருவர் வாழ்ந்ததற்கான சுவடே ஏட்டிலிருந்து அழிந்துவிடும். அவருடைய மக்கள் பிறர் மக்களாக எழுதப்படுவர். ஆதலின் இணைத்தல் என்பது எளிய செயலாயினும் பொறுப்புமிக்க செயலாகும்.

பொது வடிவம்

கொடிவழி மென்பொருள் ஒவ்வொன்றும் தன் தரவுகளைத் தனக்கே உரிய முறையில் சேமிக்கின்றது. ஒன்றின் ஏட்டை மற்றொன்று படிப்பதற்குப் பொதுவடிவம் ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை 1984ஆம் ஆண்டில் ஜெட்காம் என்னும் அத்தகைய வடிவத்தை வெளியிட்டது. அதன் 5.5ஆம் பதிப்பு 1996இலும், 5.5.1ஆம் பதிப்பின் வரைவு 1999இலும், 7.0ஆம் பதிப்பு 2021இலும் வெளிவந்தன. அச்சபையே வழங்கிவந்த பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்னும் மென்பொருள் 2013இல் நிறுத்தப்பட்டது. எனினும் அதில் தொகுத்த ஏடுகளை ஜெட்காம் வாயிலாக வேறு மென்பொருள்களில் இன்றும் படிக்க இயலும். 2001இல் தொடங்கப்பெற்றதும் விலையின்றிக் கிடைப்பதுமான கிராம்ப்ஸ் அவற்றுள் ஒன்று.

ஜெட்காம் ஏடு வெறும் எழுத்துக் கோப்பாகும். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணுடன் தொடங்கும். சுழி எனில் புதிய பதிவு. ஒன்று எனில் அப்பதிவின் ஒரு கூறு. இரண்டு எனில் அக்கூற்றின் விவரம். ஆளுக்கொரு பதிவும் குடும்பத்திற்கொரு பதிவும் உண்டு. கணவன், மனைவி, மக்கள் ஆகியோரைக் குடும்பப் பதிவு பிணைக்கும். ஆள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் தரப்படும். ஆயின் அவ்வெண் அந்த ஏட்டிற்குள் மட்டுமே செல்லும். ஓர் ஏட்டின் முதலாம் எண்ணுக்குரியவர் பாட்டனாராகவும், மற்றோர் ஏட்டின் முதலாம் எண்ணுக்குரியவர் அதைத் தொகுத்தவராகவும் இருத்தல் கூடும். உலகெங்கும் வேறொருவருக்கு வாராத தனியடையாளக் குறியைப் பதிவிற்கு இடும் வசதி 7.0ஆம் பதிப்பில் உண்டு. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டு படிகளை மீண்டும் இணைப்பதற்கு அது பெரிதும் உதவும். தனித்தனியே எழுதப்பட்ட ஏடுகளுக்கு உதவாது. அங்கே பெயர், நாள், ஊர், உறவு ஆகிய நான்கே துணை.

எழுத்தும் ஒலியும்

பெயர்களை ஒப்பிடப் பழமையான கருவி சவுண்டெக்ஸ். ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதலெழுத்தை அப்படியே நிறுத்தி, பின்வரும் மெய்யொலிகளை மூன்று இலக்கங்களாக மாற்றி, உயிரொலிகளை விட்டுவிடுதல் இதன் முறை. ஆங்கிலப் பெயர்களுக்காக அமைந்த இம்முறை நம் பெயர்களிடத்துத் தடுமாறுகின்றது. ஆடவர் பெயராகிய சுந்தரமும் பெண்டிர் பெயராகிய சௌந்தரமும் எஸ்-536 என்னும் ஒரே குறியைப் பெறுகின்றன. அழகன் என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் ழகரத்திற்கு இசட்-எச் இட்டு எழுதினால் ஏ-225. எல் இட்டு எழுதினால் ஏ-425. இளங்கோ என்பதை ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவோரும் உளர். ‘ஐ’ என்பதில் தொடங்குவோரும் உளர். முதலெழுத்து மாறுவதால் இங்கும் குறி மாறிவிடுகின்றது.

தமிழெழுத்திலேயே எழுதிய பெயர்களை ஒப்பிட மற்றொரு முறை உண்டு. சோவியத் அறிஞர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் 1965இல் வகுத்த அளவை அது. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்பதே அவ்விரண்டின் தொலைவு. இம்முறையில் லட்சுமிக்கும் இலக்குமிக்கும் தொலைவு மூன்று. சுந்தரத்திற்கும் சுந்தரிக்கும் தொலைவு இரண்டு. அதாவது, ஒரே பெயரின் இரு வடிவங்கள் விலகி நிற்க, வெவ்வேறு பெயர்கள் நெருங்கி நிற்கின்றன. இதனால் எழுத்தின் ஒற்றுமை ஆளின் ஒருமையைக் காட்டாது என்பது விளங்கும்.

எடையிட்டு முடிவுசெய்தல்

ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பேர் உள்ள இரண்டு ஏடுகளை ஒப்பிட்டால் பத்துக் கோடி இணைகள் எழும். அத்தனையையும் ஆராய்தல் வீண் உழைப்பாதலின், ஒரே ஒலிக்குறி உடையோர், ஒரே பத்தாண்டிற் பிறந்தோர் என்றாற்போல் முதலில் பகுத்துக்கொண்டு, அப்பகுப்பிற்குள் மட்டுமே பல மென்பொருள்கள் ஒப்பிடுகின்றன. பகுப்பு தவறினால் உண்மை இணையும் கண்ணிற் படாது போகலாம்.

பிறகு எடையிடுதல். 1959இல் கனடாவில் ஹோவார்டு நியூகோம்பும் அவர்தம் குழுவினரும் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணிப்பொறி கொண்டு பிணைக்கும் வழியை வெளியிட்டனர். அதே நாட்டைச் சேர்ந்த ஐவன் ஃபெலெகியும் ஆலன் சண்டரும் 1969இல் அதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். அதன் சாரம் எளிது. இருபதில் ஒருவருக்கு உரிய பெயர் இரு பதிவுகளிலும் ஒத்திருப்பது தற்செயலாகவும் நிகழும். அதற்கு எடை குறைவு. இரண்டாயிரத்தில் ஒருவருக்கே உரிய பெயர் ஒத்திருந்தால் எடை மிகுதி. பெயர், பிறந்த நாள், ஊர், பெற்றோர் என ஒவ்வொன்றின் எடையையும் கூட்டி, ‘ஒருவரே’, ‘ஒருவராகலாம்’, ‘ஒருவரல்லர்’ என மூன்றாகப் பிரிப்பர். நடுவிலுள்ள ‘ஒருவராகலாம்’ என்னும் பகுதியை மனிதரே ஆராய்தல் வேண்டும் என்பது அவ்வறிஞர் வகுத்த முறையிலேயே அடங்கியது. அவ்வேலையைக் கணிப்பொறியிடம் விட்டுவிடுவது அம்முறைக்கே மாறாகும்.

நம் குடும்பங்களில் எழும் சிக்கல்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என வழங்குகின்றது. இவ்வழக்கம் மென்பொருளுக்கு எத்தகைய வலையாகின்றது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொள்ளும் பெயர்கள் இவை. மாணிக்கம் என்பவரின் மகன் சுந்தரம், ஆங்கிரச ஆண்டு ஆவணியில் பிறந்தார். அவர் தம் மகனுக்குத் தந்தையின் பெயரையே இட்டு மாணிக்கம் என்றார். அந்த மாணிக்கமும் தம் மகனுக்குச் சுந்தரம் என்று பெயரிட்டார். அப்பிள்ளையும் பிறந்தது ஆங்கிரச ஆண்டு ஆவணியில்தான். ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீள்வதால் முன்னது 1932, பின்னது 1992.

இப்பொழுது பாட்டனை மட்டும் கொண்ட ஓர் ஏட்டையும் பேரனை மட்டும் கொண்ட ஓர் ஏட்டையும் ஒப்பிடுவோம். இருவரும் மா. சுந்தரம். இருவர் தந்தையும் மாணிக்கம். ஊர் ஒன்று, ஆண்டின் பெயர் ஒன்று, மாதம் ஒன்று. நான்கு தலைமுறைகள் இரண்டாகச் சுருங்குவதற்கு ஒரு விசையை அழுத்தினாற் போதும். பாட்டனும் பேரனும் ஒரே ஏட்டில் இருந்தாலேனும், ஒருவர் தமக்கே மூதாதை ஆகிறார் என்னும் முரண்பாட்டை மென்பொருள் கண்டு எச்சரிக்கக்கூடும். இங்கே அந்த முரண்பாடும் எழாது.

இவ்விருவரையும் வேறுபடுத்துவது யாது? தாயின் பெயர். மூத்த சுந்தரத்தின் தாயார் வேறு, இளைய சுந்தரத்தின் தாயார் வேறு. ஆயின் பழைய கொடிவழிகளுட் பலவற்றில் ஆண்மக்களின் பெயர்களே காணப்படும். பெண்மக்கள் ‘மனைவி’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவர். ஈரேட்டிலும் தாயின் பெயர் இல்லை என்பது ஒற்றுமை ஆகாது, சான்றின்மையே ஆகும். எனவே பாட்டியர், பூட்டியர் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊரையும், அவர்தம் தந்தையார் பெயரையும் நினைவுள்ளோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் இன்றியமையாதது. அவ்வன்னையரைப் போற்றுவதோடு, ஏட்டையும் பிழையினின்று காக்கும் செயல் அது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தாய்மாமன் மகளை மணந்தவருக்கு மாமனே மாமனாராவார். மகன்வழித் தொகுத்தவர் அவரைத் தாயின் உடன்பிறந்தாராகவும், மருமகள்வழித் தொகுத்தவர் அவரை மனைவியின் தந்தையாராகவும் தனித்தனியே பதிந்திருப்பர். பதிவுகள் இரண்டாயினும் மனிதர் ஒருவர். இங்கே இணைத்தலே முறை. இணைத்தபின் இரு கிளைகள் மீண்டும் ஒன்றுகூடுவது பிழையன்று. மணவழக்கின் இயல்பே ஆகும்.

நாளும் ஊரும் தனிக் கவனம் வேண்டுவன. ஜெட்காம் 7.0ஆம் பதிப்பு தன் வரையறையில் கிரிகோரியன், ஜூலியன், எபிரேயம், பிரெஞ்சுக் குடியரசு ஆகிய நான்கு நாட்காட்டிகளையே வகுத்துள்ளது. ஆகவே தமிழாண்டை ஆங்கில ஆண்டாக மாற்றி எழுதி, மூலத்திலுள்ள தொடரைக் குறிப்பாகவும் சேர்த்தல் வேண்டும். ஆங்கிரசத்து ஆவணி 1932 எனில், அதே ஆங்கிரசத்துத் தை 1933 ஆகும் என்பதை மறத்தலாகாது. ஊரைப் பொறுத்தவரை, வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் ஒன்று 1989க்கு முன் எழுதிய ஏட்டில் வட ஆற்காடு மாவட்டத்தது என்றும், பின் எழுதிய ஏட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தது என்றும் இருக்கும். மென்பொருள் அவற்றை ஈரூராகக் கொள்ளும். இவற்றை முன்கூட்டியே சீராக்கிக்கொள்ள வேண்டும்.

இணைக்கும் ஒழுங்கு

மேற்கூறியவற்றால் பின்வரும் ஒழுங்கு பெறப்படுகின்றது.

1. இரண்டு ஏடுகளையும் படியெடுத்துத் தனியே பாதுகாத்தல். மூல ஏடுகளில் கைவைத்தலாகாது.

2. எழுத்துக் குறியீட்டை யுனிகோடாக்குதல். பழைய ஜெட்காம் ஏடுகளிற் பயின்ற ஆன்செல் குறியீட்டில் தமிழெழுத்துக்கு இடமில்லை.

3. ஒவ்வோர் ஏட்டிலும் உள்ளேயே இருமுறை வந்தோரை முதலிற் களைதல்.

4. ஐயமின்றி ஒருவரே எனத் துணியத்தக்க ஒருவரை அடிநிலையாகக் கொண்டு, அவர்தம் பெற்றோர், துணைவர், மக்கள் என ஒவ்வோர் அடியாக வெளிநோக்கிச் செல்லுதல். மென்பொருள் தரும் நீண்ட பட்டியலை ஒருங்கே ஏற்றலாகாது.

5. செய்திகள் முரண்படின் ஒன்றை அழிக்காமல், இரண்டையும் அவற்றின் சான்றுகளோடு நிறுத்துதல். பள்ளிச் சான்றிதழின் பிறந்த நாளும் சாதகக் குறிப்பின் பிறந்த நாளும் வேறுபடுதல் இயல்பு. எது எங்கிருந்து வந்தது என்று எழுதினாற் போதும்.

6. எவரை எவரோடு, எக்காரணத்தால், எந்நாளில் இணைத்தோம் என்பதைக் குறித்துவைத்தல்.

7. இறுதியில் எண்ணிப் பார்த்தல். நானூறு பேர் உள்ள ஏடும் முந்நூறு பேர் உள்ள ஏடும் சேர்ந்து, நூற்றிருபது இணைகள் ஒன்றாக்கப்பட்டிருப்பின், ஐந்நூற்றெண்பது பேர் இருத்தல் வேண்டும். குறைந்தால் எவரோ மறைந்தனர் என்பது பொருள்.

இணைத்த ஏட்டைப் பிறருக்கு அளிக்குமுன், உயிருடன் இருப்போரின் பிறந்த நாள், முகவரி முதலியவற்றை நீக்கிவிடுதலும் கடமையாகும்.

நிறைவாக

கணிப்பொறி பத்துக் கோடி இணைகளைச் சலித்து நூறாக்கித் தரும். அந்த நூற்றினுள் யார் யார் ஒருவர், யார் யார் இருவர் என்று துணிவதற்கு ஊரறிந்த மூத்தோரின் நினைவும், மணவோலையும், நிலப்பத்திரமும், கல்லறை அல்லது நினைவுக்கல் எழுத்தும் வேண்டும். ஐயம் நீங்காதவிடத்து இருவரையும் இருவராகவே விட்டுவைத்து, ‘ஆராய்தற்குரியது’ என்று எழுதிவைப்போம். பின்வருவோர் சான்று கண்டு இணைத்துக்கொள்வர். இணைத்துவிட்டவரைச் சான்றின்றிப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. வாசக அன்பர்கள் தத்தம் இல்லத்திலுள்ள பழைய கொடிவழியை இப்போதே எடுத்து, அதில் பெயரின்றி நிற்கும் அன்னையர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அவ்விடங்களை நிரப்புவதே இணைத்தலுக்கு முந்திய பணி.