தீவு நத்தைகளும் அந்நிய நத்தைகளும்

நத்தை மெதுவாய் ஊரும் பிராணி. ஈரமின்றி அது நெடுநாள் நடமாடாது. ஆதலின் ஒரு பள்ளத்தாக்கின் நத்தைகள் இடையிலுள்ள மலைமுகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கை அடைவது அபூர்வம். இவ்வாறு பிரிந்து நின்ற கூட்டங்கள், பல தலைமுறைகளில், தற்செயலாலும் இடத்தின் தன்மையாலும் நிறத்திலும் ஓட்டின் வடிவத்திலும் வேறுபட்டு, முடிவில் தனி இனங்களாகின்றன. தீவுகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஹவாய்த் தீவுகளில் மட்டும் 750க்கு மேற்பட்ட நிலநத்தை இனங்கள் இருந்தன.

பசிபிக் சமுத்திரத்தில் டஹீட்டிக்கு அருகே மோரேயா என்னும் சிறு தீவு உளது. அங்கு வாழ்ந்த பார்துலா என்னும் மரநத்தைகளை அமெரிக்க அறிஞர் ஹென்றி கிராம்ப்டன் ஆராய்ந்து, 1932இல் நூல் வெளியிட்டார். அவற்றின் நிறமும் அளவும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுவதையும், ஓட்டின் சுருள் சிலவற்றில் வலப்புறமும் சிலவற்றில் இடப்புறமும் திரும்புவதையும் அவர் விவரித்தார். இவை மக்கிய இலைகளைத் தின்பவை. பயிருக்குத் தீங்கு செய்வனவல்ல.

1967இல் ஆப்பிரிக்கப் பெருநத்தை டஹீட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. அது பெருகிப் பயிர்களை அழிக்கவே, அதனை ஒழிக்கும் பொருட்டு, பிற நத்தைகளைத் தின்னும் அமெரிக்க நத்தையொன்று 1974இல் அங்கும், 1977இல் மோரேயாவிலும் விடப்பட்டது. அதுவோ பெருநத்தையை விடுத்து, எளிதில் அகப்பட்ட மரநத்தைகளையே வேட்டையாடிற்று. பத்தாண்டிற்குள் மோரேயாவின் காடுகளில் பார்துலாக்கள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தன. முன்னரே சேகரித்து அயல்நாடுகளில் வளர்க்கப்பட்ட சிலவற்றின் சந்ததிகளே இப்பொழுது மீண்டும் அத்தீவில் விடப்படுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளில் உண்டானவை பத்தாண்டில் பெரும்பாலும் அழிந்தன.

இவ்விஷயம் நமக்குத் தூரமானதன்று. அதே பெருநத்தை 1847இல் கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நம் நாட்டின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. விவசாயிகள் பின்வருவனவற்றை அனுசரித்தல் நலம்:

1. வெளியூரிலிருந்து வரும் நாற்று, தொட்டி, மண் ஆகியவற்றில் நத்தையோ முட்டையோ உளதா எனச் சோதிக்க வேண்டும்.

2. மாலையில் நனைந்த சாக்குகளையும் பப்பாளி இலைகளையும் தோட்டத்தில் பரப்பி, அவற்றினடியில் ஒதுங்கும் நத்தைகளைக் காலையில் பொறுக்கி, உப்பு நீரிலிட்டுக் கொல்ல வேண்டும். இந்நத்தைகள் நோய்ப்புழுக்களைச் சுமப்பவையாதலின் வெறுங்கையால் தொடலாகாது.

3. பூச்சியையோ நத்தையையோ தின்னுமென்று எவர் கூறினும், அந்நியப் பிராணி எதனையும் அரசாங்க அனுமதியின்றி நிலத்தில் விடலாகாது. அவ்வாறு விடுவோர் உளரெனத் தெரிந்தால், கிராம அதிகாரிகள் உடனே விவசாய இலாகாவிற்கு அறிவித்தல் கடமையாகும்.