பிடித்துக்கொண்ட பிஸ்டனை விடுவிக்கும் முறை

மின்சார மோட்டார் வந்த பிறகு, கிணற்றடிக் கொட்டகையிலுள்ள ஆயில் எஞ்சினைச் சீந்துவாரில்லை. சாக்கைப் போட்டு மூடியதோடு அதை மறந்துவிடுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாப் பகுதியைத் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்பொழுதுதான் பழைய எஞ்சின் பலருக்கு ஞாபகம் வந்தது. நாம் அறிந்த ஓர் ஊரில், பொதுக் கிணற்று எஞ்சினின் சாக்கை விலக்கிக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். அது இம்மியும் அசையவில்லை. அவசரத்தில் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கிடையே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். ஆரக்கால் ஒடிந்தது, பிஸ்டன் நின்ற இடத்திலேயே நின்றது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, ஒடியும். குடிநீருக்கு அவ்வூரார் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. கடப்பாரையை எடுக்காமல் ஒரு வாரம் பொறுத்திருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

எந்த எஞ்சினாயினும் முதலில் விசாரிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றதா? அல்லது நன்றாக ஓடி நிறுத்தப்பட்டு, கிடந்த கிடையில் பிடித்துக்கொண்டதா? ஓடும்போது நின்றதாயின், தண்ணீரோ எண்ணெயோ இன்றிச் சூடேறி, பிஸ்டனின் உலோகம் சிலிண்டர்ச் சுவரில் இழுத்து அப்பியிருக்கும். அதனைப் பிரித்துப் பார்ப்பதே வழி; ஊறவைத்துப் பயனில்லை. கிடந்து பிடித்ததாயின் காரணம் பெரும்பாலும் துருவே. எஞ்சின் நிற்கும்போது ஒரு வால்வு திறந்தே நின்றுவிட்டால், புகைக்குழாய் வழியாக ஈரக்காற்றும் மழைச்சாரலும் உள்ளே இறங்கும். இரும்பு துருவானால் முன்னிலும் அதிக இடத்தை அடைக்கும். பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் இடையே அத்துரு ஆப்புப் போல் இறுகிக்கொள்கிறது.

நமது பக்கங்களில் இன்றும் காணப்படுவது, இங்கிலாந்தில் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியாரின் அமைப்பைப் பின்பற்றி ராஜ்கோட்டில் செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். 6 குதிரைசக்தி, நிமிஷத்திற்கு 650 சுற்று, சிலிண்டரின் விட்டம் 4½ அங்குலம். இருபுறமும் கனத்த சக்கரங்கள். இதனை வைத்தே முறையைச் சொல்கிறோம்.

முதலில் அடியிலுள்ள எண்ணெயை வடிக்க வேண்டும். எண்ணெய்க்கு முன்னே தண்ணீர் வந்தால், உள்ளே எவ்வளவு ஈரம் இறங்கியிருக்கிறது என்பது விளங்கும். பின்னர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனுக்கு மேலே தெரியும் சுவரின் துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பிஸ்டனை மேலே கொண்டுவர முயன்றால் அது அத்துருவில் மீண்டும் சிக்கும். அதன்பின் டீசலும் மெல்லிய எஞ்சின் ஆயிலும் சமபங்கு கலந்து, பிஸ்டனின் தலைமேல் இரண்டு விரற்கடை உயரம் ஊற்றி விடவும். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. எண்ணெய் வளையங்களுக்குள் வழி கண்டுகொண்டது. இறங்கியதற்கு மேலும் ஊற்றலாம். மூன்று நாளிலும் விடும், இரண்டு வாரமும் ஆகும். இந்தப் பொறுமைதான் இக்காரியத்தில் முக்கால் பங்கு.

தண்ணீரால் குளிரும் எஞ்சினில் மற்றோர் உபாயமும் உண்டு. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையில் சுடுநீரை மெதுவாக ஊற்றினால், வெளிச்சுவர் முதலில் சூடேறி விரியும். உள்ளிருக்கும் பிஸ்டன் அதுவரை அவ்வளவு விரிவதில்லை. மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் எண்ணெய் புகுந்துவிடும். கொதிக்கும் நீர் வேண்டாம். டீசல் ஊறும் எஞ்சினருகே அடுப்போ தீப்பந்தமோ பீடியோ அறவே கூடாது.

பிறகு ஒருவர் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் கொடுக்க, மற்றொருவர் பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்து மரச்சுத்தியால் தட்டலாம். இரும்புச் சுத்தி படவே கூடாது. பிஸ்டன் நடுவழியில் நின்றால்தான் இது பலிக்கும். உச்சியிலோ அடியிலோ நின்றால் கனெக்டிங் ராடு நேராக நிற்கும். தட்டுவதெல்லாம் பேரிங்கில் இறங்குமேயன்றிச் சக்கரம் சுழலாது. அப்பொழுது எஞ்சினின் பக்கத்துக் கதவைத் திறந்து, ராடின் அடிமூட்டைக் கழற்றிவிட்டுத் தட்டுவதே முறை. கால் அங்குலம் அசைந்தால் மேலும் முன்னே தள்ள அவசரப்படாமல், பழைய இடத்துக்கே கொண்டுவந்து மீண்டும் எண்ணெய் விடவும். சிலர் டிராக்டரில் பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். ராடு வளைந்த எஞ்சின்கள் பல அவ்வாறு கெட்டவையே.

சக்கரம் சுழன்றதும் ஸ்டார்ட் செய்துவிட ஆசை எழும், கூடாது. உதிர்ந்த துரு அரைத்தூள் போல் சிலிண்டரைத் தின்னும். வளையங்கள் தம் பள்ளங்களிலேயே ஒட்டியிருக்கும். பிஸ்டனை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, வளையங்கள் தாராளமாகச் சுழல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுவரில் நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்குக் குழிகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம். ஊறிய கலவை அடித்தொட்டிக்கும் இறங்கியிருக்குமாதலால் புது எண்ணெய் மாற்றவும். பழைய டீசலைக் கொட்டிவிடவும். கூட்டிய பின், டிகம்பிரஷன் லீவரைத் தூக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கையால் சுற்றிய பிறகே லீவரை விட வேண்டும். பிஸ்டன்மேல் எண்ணெய் தேங்கியிருந்தால் அது காற்றைப் போல் அமுங்காது, ராடு வளையும்.

இத்தனை பாடும் மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டாததால் வருவது. ஓட்டி நிறுத்தியபின் தண்ணீர் அறையை வடித்து, கைப்பிடி இறுகித் தடுக்கும் இடத்தில் சக்கரத்தை நிறுத்தினால் இரு வால்வுகளும் மூடியிருக்கும். புகைக்குழாய்க்கு ஒரு பழைய டப்பாவே போதிய குடை. ஓட்டுமுன் அதை எடுக்க மறக்க வேண்டாம். ஊராட்சிக்குச் சொந்தமான எஞ்சினாயின், கொட்டகைக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, ஓட்டிய தேதியையும் ஓட்டியவர் கையொப்பத்தையும் அதில் பதியச் செய்து, ஐப்பசி பிறக்குமுன் உறுப்பினர் ஒருவர் நேரில் சென்று சக்கரத்தைத் தம் கையால் சுற்றிப் பார்த்து வரலாம்.