பசித்த கரி

அமேசான் படுகையின் மேட்டுநிலங்களில் பெரும்பகுதி வளங்குன்றியவை. ஓயாது பெய்யும் மழை மண்ணின் சத்துகளைக் கரைத்து அடித்துச் சென்றுவிடுகிறது. எனினும், அவற்றின் நடுவே ஆங்காங்கே கரிய செழுமண் திட்டுகள் காணப்படுகின்றன. போர்ச்சுக்கீசிய மொழியில் அதனை 'டெர்ரா பிரேட்டா' என்பர். கருமண் என்பது பொருள். ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அங்கு வாழ்ந்த தொல்குடியினரின் குடியிருப்புகளில் உருவான மண் அது. டச்சு நாட்டு மண்ணியல் அறிஞர் விம் சோம்புரோக், 1966ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அம்மண்ணைப் பற்றி எழுதினார். பின்னர் உலகின் கவனம் அதன்பால் திரும்பியது.

திரும்பிய கவனம் கரியின் மீதே நின்றுவிட்டது. அம்மண்ணில் கரித்துண்டுகளோடு மீன்முள், எலும்பு, சாம்பல், பானையோடு, சமையற்கழிவு ஆகியனவும் கலந்திருந்தன. இதனை மறந்து வெறுங்கரியை மட்டும் பாத்தியில் இட்டவர்கள், செடி தழைக்கும் என்று காத்திருந்து, இலை வெளுத்ததைக் கண்டு திகைத்தனர்.

காரணம் எளியது. காற்றுக் குறைந்த வெப்பத்தில் உருவாகும் உயிர்க்கரி, எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்டது. புதுக்கரியின் துளைகள் வெறுமையாய் இருப்பவை. மண்ணில் இட்டவுடன் வேருக்குச் சேரவேண்டிய தழைச்சத்தின் ஒரு பகுதியை அது தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. கரியில் எஞ்சிய எளிதில் மட்கும் பொருளை உண்ணும் நுண்ணுயிர்களும் அச்சத்தையே எடுத்துக்கொள்கின்றன. விருந்துக்கு வந்தவன் பந்தியையே காலிசெய்வது போன்றது இது! ஆகவே, கரிக்கு முதலில் உணவளித்துப் பின்னரே அதனை மண்ணுக்கு அனுப்புதல் வேண்டும்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்பூசி, புகையவிட்டுக் கரிமூட்டம் போடுவர். விற்பனைக்கு ஆகாத தூளும் பொடிக்கரியும் இப்பணிக்குப் போதுமானவை. கரியை நீர் தெளித்து நனைத்த பின்பே இடித்தல் வேண்டும். உலர்ந்த கரித்தூள் நுரையீரலுக்குக் கேடு. பருப்பளவாக உடைத்த கரியுடன் அதே அளவு மட்கிய தொழுவுரத்தைக் கலந்து, சாணக்கரைசலோ நீர்விட்ட கோமியமோ ஊற்றிப் பிசைந்து, நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடிவைக்கலாம். பிழிந்தால் நீர் சொட்டாத ஈரம் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கலவை பதமாகும். சாணநெடி அடங்கி மண்வாசம் எழும். எருக்குழியில் மட்கத் தொடங்கும்போதே கரியைச் சேர்த்துவிடுவது இதனினும் எளிய வழி. அவசரப்படுவோர் மட்டும் அதனை விரும்பார்.

பதமான கலவையை மேல்மண்ணின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இடுதல் நலம். தொழுவுரம் சில பருவங்களில் கரைந்துவிடும். கரியோ நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும். தவறாக இட்ட எருவைக் காலம் திருத்தும். தவறாக இட்ட கரியை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க எவராலும் இயலாது. உயிர்க்கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது. எனவே, புளிப்பு மண்ணுக்கு உதவும் அதே கரி களர்நிலத்துக்குத் தீங்காகலாம். அத்தகைய நிலமுடையோர் மண்ணாய்வு செய்து, முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, ஒரு பருவம் பார்த்த பின்னரே அடுத்த பாத்திக்குச் செல்லுதல் வேண்டும்.