மெய்நிகர்ப் பொறிகளும் நினைவகப் பங்கீடும்

ஒரு கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகத் தோன்றச் செய்யும் முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த தமது விஞ்ஞான நிலையத்தில் 1960-களின் நடுவிலேயே இதனைச் செய்து காட்டினர், 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரில் அதனை வெளியிட்டனர். இன்று ஓர் அலுவலகத்தின் நிலப் பதிவேடும் ஒரு கல்வித் துறையின் தேர்வு முடிவுப் பக்கமும் ஒரே பொறியின்மீது அருகருகே இயங்கக்கூடும். செயலியும் நினைவகமும் தனக்கே உரியவை என ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறியும் கருதிக்கொள்கிறது. அவ்வெண்ணம் கலையாதபடி காப்பது ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை நிரலாகும்.

64 கிகாபைட் நினைவகமுள்ள பொறியொன்றில், 16 கிகாபைட் வீதம் ஆறு மெய்நிகர்ப் பொறிகளை அமைப்பதாகக் கொள்வோம். வாக்களிக்கப்பட்டது 96, கையிருப்போ 64. இதனை மோசடி என்று கூறலாகாது. எல்லாப் பொறிகளுக்கும் முழு அளவும் ஒரே வேளையில் தேவைப்படுவது அரிது. ஆனால், தேர்வு முடிவுகள் வெளியாகும் காலைப்பொழுதில் அந்த அரிய வேளையும் வந்தே தீரும். அப்பொழுது பதிவேட்டின் முன் காத்து நிற்கும் உழவரும் சேர்ந்தே அவதிப்பட நேரும்.

செயலியைப் பங்கிடுதல் எளிது. காலத்தைச் சிறு கூறுகளாக்கி 2:1:1 என்ற விகிதத்தில் மூன்று பொறிகளுக்கு அளித்தால், முதற் பொறிக்குப் பாதி நேரம் கிடைக்கும். அது உறங்கும்போது அதன் நேரத்தை மற்ற இரண்டும் சமமாகப் பெறும். பற்றாக்குறை நேரின் எல்லாம் சற்று மெதுவாகும், அவ்வளவே. நினைவகம் அத்தகையதன்று. அதில் வைத்த தரவை அகற்ற வேண்டுமாயின் வேறோரிடத்தில் வைத்தாக வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் வட்டேயாகும். நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். சுழலும் வட்டுக்கோ சுமார் 10 மில்லி விநாடி, அதாவது இலட்சம் மடங்கு காலம், தேவைப்படுகிறது.

எந்தப் பக்கத்தை அகற்றலாம் என்பது பொறியின் உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கே தெரியும். மேற்பார்வை நிரலுக்குத் தெரியாது. இச்சிக்கலுக்கு ஓர் அழகிய தீர்வை வி.எம்.வேர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் விவரித்தார். இயங்குதளத்தினுள் பலூன் எனப்படும் சிறு நிரல் ஒன்று வைக்கப்படுகிறது. மேற்பார்வை நிரல் கட்டளையிட்டதும் அது தன் இயங்குதளத்திடம் நினைவகம் கேட்டு ஊதிப் பெருக்கிறது. நெருக்கடிக்குள்ளான இயங்குதளம் தனக்குத் தேவை குறைந்த பக்கங்களைத் தானே தேர்ந்து விட்டுக்கொடுக்கிறது. பலூன் பற்றிக்கொண்ட இடம் மற்றொரு பொறிக்குச் செல்கிறது. நெருக்கடி நீங்கியதும் பலூன் சுருங்கி, இடம் திரும்பக் கிடைக்கிறது. எவரிடமிருந்து முதலில் பெறுவது? பயனின்றி வைத்திருப்பவரிடமிருந்தே. வீணே கிடக்கும் பக்கத்துக்கு 75 விழுக்காடு வரி விதித்தால், அது பயன்படும் பக்கத்தைப்போல் நான்கு மடங்கு விலையுள்ளதாகக் கணக்கிடப்படும்.

பலூன் ஊதுவதற்குச் சிறிது காலம் வேண்டும். அதற்குள் நெருக்கடி முற்றினாலோ, பலூன் நிரலே நிறுவப்படாதிருந்தாலோ, மேற்பார்வை நிரல் தானே பக்கங்களை வட்டுக்கு அனுப்பும். அத்தேர்வு குருட்டுத் தேர்வு. இன்றியமையாத பணியைச் செய்யும் பொறிக்குக் குறைந்தபட்ச அளவை உத்தரவாதமாக ஒதுக்கிவைத்தல் இதனால் அவசியமாகிறது. எல்லாப் பொறிகளுக்கும் முழு உத்தரவாதம் அளித்தாலோ, பங்கிட்டுக்கொள்வதன் பயனே அற்றுப்போகும்.

உச்சவரம்பு விதிப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. என்றோ சோதனைக்காக 4 கிகாபைட் என வரம்பிட்டு மறந்துவிட்ட பொறிக்குப் பின்னர் 8 கிகாபைட் அளித்தாலும் பயனில்லை. அடியிலுள்ள பொறியில் இடம் தாராளமாக இருக்கும்போதே அதன் பலூன் ஊதியபடியே நிற்கும்.

பணியாளர் ஒரு பொறி மந்தமாயிருப்பதைக் கண்டால், முதலில் லினக்ஸின் டாப் கட்டளையில் ‘எஸ்.டி.’ என்னும் எண்ணை நோக்குக. அது உயர்ந்திருப்பின், செயலிக்காகப் பொறி காத்துக் கிடக்கிறது எனக் கொள்ளலாம். அடுத்து, பலூனின் அளவையும் வட்டுக்கு அனுப்பப்பட்ட அளவையும் மேற்பார்வைத் திரையில் காண்க. வட்டுக்குச் சென்ற பக்கங்கள், மீண்டும் தொடப்படும்வரை அங்கேயே தங்கியிருப்பது இயல்பு. எனவே மொத்த அளவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. விநாடிதோறும் வட்டிலிருந்து திரும்பப் படிக்கப்படும் அளவே இடர்ப்பாட்டைக் காட்டும்.