புங்கனூர்க் கன்றும் கலப்பின் அறமும்

சென்ற தைப் பொங்கல் விடுமுறையில் சித்தூருக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்துக்குச் சென்றிருந்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் தாய்மாமன் வீட்டுத் தொழுவத்தில் ஒரு புங்கனூர்ப் பசு நிற்கிறது. அதன் தலையீற்றுக் கிடேரிக் கன்றை விலைக்குக் கேட்டு ஒரு தரகர் வந்திருந்தார். வெள்ளை நிறம், குட்டைக் கால்கள், சாந்தமான முகம். பார்த்தவர் மனத்தைப் பறிக்கும் கன்று. பெங்களூரில் ஒரு செல்வர் வீட்டுத் தோட்டத்தில் செல்லப் பிராணியாக வளர்க்க வேண்டுமாம். "அசல் புங்கனூர்" என்றால் ஒரு விலை. இல்லையென்றால் வேறு விலை.

சிக்கல் என்னவென்றால், தாய் புங்கனூர். தகப்பன் புங்கனூர் அன்று. பசு பருவத்துக்கு வந்த சமயத்தில் அக்கம்பக்கத்தில் புங்கனூர்க் காளை கிடைக்கவில்லை. அடுத்த தெருவிலிருந்த குட்டையான நாட்டுக் காளையோடு சேர்த்துவிட்டார் மாமா. இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தரகருக்கு மட்டும் தெரியாது.

"மாப்பிள்ளே, நீ எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறவன். இது அசல் புங்கனூர்தான்னு ஒரு தாளிலே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு" என்றார் மாமா. அவர் பேராசைக்காரர் அல்லர். நான் பட்டப் படிப்பில் சேர்ந்த நாள் முதல் என் விடுதிக் கட்டணத்தில் பாதியைக் கட்டி வருபவர் அவரே. ஆகவே "முடியாது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு எழுந்து வர என்னால் இயலவில்லை. அன்றிரவு நான் எண்ணியதையும், பின்னர் நூலகத்தில் படித்துத் தெளிந்ததையும் நம் சங்க ஏட்டின் வாயிலாகத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

புங்கனூர் மாடு எது?

பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர் ஊரின் பெயரால் வழங்கும் குட்டை மாட்டினம் இது. வளர்ந்த பசுவின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்குக் குறைவாகவும் உண்டு. வெள்ளை, சாம்பல், பழுப்பு எனப் பல நிறங்களில் காணலாம். மழை குறைந்த பூமியில், கிடைத்த புல்லைத் தின்று, வறட்சியைத் தாங்கி வாழப் பழகியது. இந்த இயல்புகளை ஒரே நாளில் எவரும் உண்டாக்கிவிடவில்லை. நிலமும் வெயிலும் உழவரின் தேர்வும் பல தலைமுறைகளாகச் சேர்ந்து உருவாக்கியவை அவை.

இவ்வினத்தில் எஞ்சியவை மிகச் சில என்ற நிலை ஒரு காலத்தில் ஏற்பட்டது. இன்று பலமநேரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென ஒரு மந்தை காக்கப்படுகிறது. அந்த நிலையம், 2005 இல் திருப்பதியில் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2024 சனவரியில் சங்கராந்தி அன்று பிரதமர் தம் இல்லத்தில் புங்கனூர்ப் பசுக்களுக்குத் தீவனம் ஊட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. பெருநகரங்களில் இதைச் செல்லமாக வளர்க்கும் ஆவலும் வளர்ந்தது. ஆவல் வளரும் இடத்தில் தரகர் வருவது இயல்புதானே?

தோற்றம் வேறு, கால்வழி வேறு

மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து 1865 இல் எடுத்துக் கூறிய உண்மையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இருவகைச் செடிகளைக் கலந்தால், முதல் தலைமுறையில் ஒரு பெற்றோரின் இயல்பு மட்டும் வெளியே தெரியலாம். மற்றது உள்ளே மறைந்து கிடக்கும். அடுத்த தலைமுறையில் அது மீண்டும் தலைகாட்டும். எங்கள் தொழுவத்துக் கன்றின் கதையும் இதுவே. வெளித் தோற்றத்தில் அது தாயைக் கொண்டிருக்கிறது. ஆனால் அதன் மரபணுக்களில் பாதி தகப்பன் தந்தவை. மாமா சுழி பார்ப்பதில் வல்லவர். ஆயினும் எந்தச் சுழியும் கன்றின் பாட்டன் யாரென்று சொல்லிவிடாது.

இதே சிக்கலை வேறொரு நாட்டில், வேறொரு பிராணியிடம் இன்னும் தெளிவாகக் காணலாம். மடகாஸ்கர் தீவில் வாழும் சிறுத்தைப் பச்சோந்தியின் ஆண் இடத்துக்கு இடம் நிறம் மாறுபடும். நோசி பே தீவில் அது நீலப் பச்சை. அம்பிலோபே பகுதியில் சிவப்பும் நீலமும் பச்சையும் கலந்த பட்டைகள். மேல்நாடுகளில் இவற்றைச் செல்லமாக வளர்ப்போர் பலர். ஊர்ப் பெயரைச் சொல்லியே விலை பேசுவர். ஆனால் பெண் பச்சோந்திகளோ எந்த ஊராயினும் ஏறக்குறைய ஒரே மங்கிய நிறம். எனவே இரண்டு ஊர் வகைகளைக் கலந்து பெற்ற பெண்ணைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. இந்த ஊர் வகைகள் வெறும் நிற வேறுபாடுகள் அல்ல, ஒன்றென எண்ணிய இனம் உண்மையில் பதினோர் இனங்களாகலாம் என்று 2015 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறியது. அழகுக்காகச் செய்த கலப்பு, இரண்டு தனி இனங்களின் கலப்பாகவே இருந்திருக்கக்கூடும்! (நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கலாமே என்று எவரும் எண்ண வேண்டாம், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

கலப்பே தீதா?

அப்படியானால் கலப்பு என்பதே பாவமா? அவ்வாறு கூறுவது நன்றி மறந்த பேச்சாகும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் முதலிய அயல்நாட்டுக் காளைகளின் வழி வந்த கலப்பினப் பசுக்கள் நம் நாட்டுக்குப் பாலைப் பெருக்கின. 2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அயலினமும் கலப்பினமுமாக 5 கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உண்டு. நம் விடுதியில் காலையில் அருந்தும் காப்பியிலும் அவற்றின் பங்கு இருக்கும்.

தூய்மை என்ற பெயரில் சிறு மந்தையை அடைத்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காளைகளின் எண்ணிக்கையைப் பசுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, மீண்டும் 4 ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால், கால்வழிப் பார்வையில் அந்த மந்தையின் உண்மையான அளவு கிடைக்கும். 50 பசுக்களுக்கு ஒரே காளை என்றால் விடை ஏறக்குறைய 4 தான். அதாவது, 51 மாடுகள் நின்றாலும் அது நான்கு மாடுகள் கொண்ட மந்தைக்கே சமம். காளைகளை ஐந்தாக்கினால் விடை 18 ஆகிறது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும். ஆகவே புது இரத்தம் எப்போதும் பகையன்று.

தவறு எங்கே பிறக்கிறது?

என் சிற்றறிவுக்கு எட்டியவரை, மூன்று இடங்களில் கலப்பு அறத்தை மீறுகிறது.

முதலாவது, அரிய இனத்தின் தாய்மையை வீணாக்கும்போது. பசு ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது. சில பசுக்களே எஞ்சிய இனத்தில், வேறு காளைக்குச் சுமந்த ஒவ்வொரு முறையும் அவ்வினத்துக்கு ஒரு கன்று குறைகிறது.

இரண்டாவது, விலங்குக்குத் துன்பம் விளையும்போது. "இன்னும் குட்டை, இன்னும் குட்டை" என்ற ஆசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாடு சான்று. குட்டைக் கால் தரும் ஒரு மரபணுவைச் சுமந்த இரண்டு டெக்ஸ்டர் மாடுகளைச் சேர்த்தால், நான்கில் ஒரு கன்று உருக்குலைந்து இறந்து பிறக்கும் வாய்ப்பு உண்டு. அது வேறு இனம்; ஆனால் அழகுக்கு அளவு வேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் பொது.

மூன்றாவது, கலப்பை மறைக்கும்போது. இதுவே எனக்கு நேர்ந்த சோதனை. பாதி இரத்தமுள்ள கிடேரியை அசல் காளையோடு சேர்த்தால் அதன் கன்றில் முக்கால் பங்கு; அடுத்ததில் 7/8; பின்னர் 15/16; அதற்கடுத்து 31/32. இது ஓர் ஏணி. பதினைந்து ஆண்டு பொறுமை இருந்தால் கலப்புக் கன்றின் வழியிலும் இனத்தை மீட்கலாம். ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் மேலே ஏற முடியும். முதற்படியில் நிற்பவனை உச்சியில் நிற்பதாக நம்ப வைப்பதே நான் எழுதித் தரவிருந்த பொய். அதை வாங்குபவர் ஒருவரோடு அந்தப் பொய் முடிந்துவிடாது; அக்கன்றின் வழிவரும் ஒவ்வொரு கன்றும் அதைச் சுமக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். மாட்டினத்தைப் பற்றிய இந்தக் கணக்கை மனிதரிடம் கொண்டு போகாதீர்கள். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த எனக்கு, மனிதரில் "அசல்" தேடுவதன் அறியாமை நன்கு தெரியும்.

மாணவர் செய்த பணி

கேரளத்து வெச்சூர்ப் பசுவும் குட்டை இனமே. 1961 இல் வந்த சட்டம் உரிமம் பெறாத காளைகளைக் காயடிக்கச் செய்தது. அயலினக் கலப்பும் பெருகியது. வெச்சூர் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1989 இல் மண்ணுத்தியிலிருந்த கால்நடைக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியவற்றைச் சேர்த்துக் காத்தனர். அந்த அம்மையாருக்கு 2022 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தேடி அலைந்த அந்த மாணவர்கள் நம்மைப் போன்றவர்களே என்பதை மறவாதீர்கள்.

மறுநாள் காலையில் நான் தாளில் எழுதியது இதுதான்: "தாய் புங்கனூர். தகப்பன் உள்ளூர் நாட்டுக் காளை. கன்று பாதி புங்கனூர்." கீழே கையெழுத்திட்டேன். தரகர் படித்துவிட்டுப் பாதி விலைக்குத்தான் கேட்டார். மாமா கன்றைக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பருவத்துக் கட்டணத்துக்கு நான் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சென்ற வாரம் ஊருக்குப் போனபோது தொழுவத்துச் சுவரில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் தொங்கக் கண்டேன். பசு பருவத்துக்கு வந்த நாள், கால்நடை மருத்துவரிடம் சொல்லி வைத்துப் புங்கனூர்க் காளையின் சினை ஊசி போட்ட நாள் எல்லாம் மாமாவின் கோணல் எழுத்தில் இருந்தன. "அடுத்த கன்றுக்கு உன் கையெழுத்து தேவைப்படாது, மாப்பிள்ளே" என்றார். கோபத்தில் சொன்னாரா, பெருமையில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நோட்டில் அவர் நாள் குறிக்க மறந்திருந்த ஓரிடத்தை மட்டும் கேட்டு நிரப்பிவிட்டு வந்தேன்.